ஏ9 வீதி சீனக் கடன், தண்டவாளம் இந்தியக் கடன்: பெரிய அயல்நாட்டின் செல்வாக்கு வன்னிக்கு நன்மையா?

பூநகரியான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ச் சன சமூக நிலையத்தில் இளைஞர்கள் கூடி ஏதாவது ஒரு பொது விடயத்தை எடுத்துக் கதைப்பது வழக்கம், அடுத்த கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு, வளர்ந்துவரும் இந்தியா தன்னைச் சுற்றியுள்ள சின்ன நாடுகளில் செல்வாக்கைக் கூட்டிக்கொண்டு போகிறதே, அது எங்களுக்கு நல்லதா கெட்டதா என்பது. வாசித்தவரை நேபாளம், மாலைதீவு, பூட்டான் என்று நிறையக் கிடைத்தது, ஆனால் அதை வன்னியோடு எப்படிப் பொருத்துவது என்று எனக்குத் தெளிவில்லை.

ஊரில் கேட்டால் இரண்டு பேச்சு. வயது போனவர்கள் "இந்தியன் வீட்டுத்திட்டம் வந்திராவிட்டால் இன்னும் தறப்பாளுக்குள்தான் இருந்திருப்போம், ரெயில் ஆர் போட்டது?" என்கிறார்கள். என் வயதுப் பொடியள் "கடலை வழித்துக்கொண்டு போகிறதும் அவங்கள்தான், காற்றாலைக்குக் காணி கேட்டதும் அவங்கள்தான்" என்கிறார்கள். இன்னும் சிலர் சீனாவும் வரட்டும், அப்போதுதான் இந்தியா எங்களை மதிக்கும் என்கிறார்கள். கிளிநொச்சியில் ஏ9 வீதியும் ரெயில் பாதையும் பக்கத்தில் பக்கத்தில்தான் போகின்றன, ஒன்று சீனக் கடனில் திருத்தியது, மற்றது இந்தியக் கடனில் போட்டது. அப்படி இருக்கும்போது யாருடைய செல்வாக்கு என்று எதை வைத்துச் சொல்வது? விபரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள்.

ஓமந்தை வாத்தியார் எழுதியது:

தம்பி, நல்ல தலைப்பு. முதலில் மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பிறகு எங்களிடம் வருகிறேன், ஏனென்றால் எங்கள் நிலைமை அவர்களுடையதைப் போல இல்லை, அதைத்தான் நீங்கள் கூட்டத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

நேபாளத்துக்குக் கடல் இல்லை, எண்ணெயும் மருந்தும் பெரும்பாலும் இந்திய எல்லையால்தான் வரவேண்டும். 1989இல் வர்த்தக உடன்படிக்கை முடிந்தபோது இந்தியா பெரும்பாலான எல்லை வழிகளை மூடியது. 2015இல் நிலநடுக்கம் முடிந்து சில மாதங்களில், நேபாளம் புதிய அரசியலமைப்பைக் கொண்டுவந்தவுடன், மறுபடியும் லொறிகள் எல்லையில் நின்றன. இந்தியா தான் மறிக்கவில்லை, நேபாளத்தின் தெற்குச் சமவெளியில் வாழும் மாதேசிகளின் போராட்டத்தால்தான் வரமுடியவில்லை என்றது, நேபாள மக்கள் அதை நம்பவில்லை. அடுத்த வருடமே நேபாளம் சீனாவோடு போக்குவரத்து உடன்படிக்கை செய்தது. பூட்டான் 1949இல் செய்த ஒப்பந்தத்தின்படி வெளியுறவில் இந்தியாவின் ஆலோசனைப்படி நடக்க ஒப்புக்கொண்டிருந்தது, 2007இல்தான் அந்தப் பிரிவை மாற்றினார்கள். 2013இல் அங்கே தேர்தல் நேரத்தில் சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இந்தியா கொடுத்த மானியம் நின்றது, பூட்டான் சனம் அதை இன்னும் மறக்கவில்லை. சிக்கிமைச் சொல்லத் தேவையில்லை, 1975இல் இந்தியாவின் ஒரு மாநிலமாகவே போய்விட்டது.

சரி, இப்போது எங்கள் கதை. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டன, யூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். எல்லோரும் அந்த ஒப்பந்தத்தையும், அதையொட்டி மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தையும் பற்றித்தான் கதைப்பார்கள். ஆனால் அதோடு இரண்டு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் இருக்கின்றன, அவற்றை வாசியுங்கள். திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமான விதத்தில் எந்த நாட்டின் படைத் தேவைக்கும் கொடுக்கக்கூடாது, திருகோணமலை எண்ணெய்க் குதங்களைத் திருத்துவதை இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து செய்வது, வெளிநாட்டு வானொலி நிலையங்களோடு செய்த உடன்பாடுகளை மீள்பார்ப்பது. டில்லிக்கு வேண்டியது அந்தக் கடிதத்தில் இருந்தது. எங்களுக்கு வேண்டியது ஒப்பந்தத்தில் இருந்தது.

இப்போது கணக்குப் பாருங்கள். எண்ணெய்க் குதங்களில் ஒரு பகுதி 2003 முதல் இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசி கையில், 2022 ஜனவரியில் இன்னும் 61 குதங்களுக்குக் கூட்டுக் கம்பனி ஒப்பந்தம் முடிந்தது. 35 வருடம் பிந்தினாலும் நடந்துவிட்டது. ஒப்பந்தத்தில் எங்களுக்கு என்று இருந்தது என்னவாயிற்று? வடக்கும் கிழக்கும் இணைந்த மாகாணத்தை 2006இல் உயர் நீதிமன்றம் பிரித்தது. காணி, பொலிஸ் அதிகாரம் சட்டத்தில் எழுதியபடியே கிடக்கிறது. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013இல்தான் நடந்தது, 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை, ஆளுநர்தான். பெரிய நாடு தன் நலனை முப்பத்தைந்து வருடமானாலும் விடாமல் துரத்திப் போய் எடுக்கும், பக்கத்தில் இருக்கிற சிறிய இனத்தின் நலனை அறிக்கையில் ஒரு வரியாக எழுதிவிட்டு நகரும். இதில் எனக்கு இருக்கிற கோபத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

முல்லைக்கடல் எழுதியது:

வாத்தியார் 87ஐச் சொன்னார், நான் போன கிழமையைச் சொல்கிறேன். இராத்திரி இந்திய றோலர்களின், அதாவது இழுவைமடிப் படகுகளின், வெளிச்சம் கரையில் இருந்தே தெரிகிறது. இருபது படகு நிற்கும்போது எங்கள் சின்ன பைபர் படகு கிட்டப் போக ஏலாது, வலை போட்டால் காலையில் வலை இருக்காது. வலை ஒன்று போனால் அந்தக் குடும்பத்துக்கு அடுத்த வருடம் வரை கடன்.

இழுவைமடி அடித்தளத்தையே கிளறிக்கொண்டு போகிறது, குஞ்சும் முட்டையும் புல்லும் எல்லாம் சேர்ந்து போகிறது. எங்கள் நாட்டில் அதை 2017 யூலையில் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள், எங்கள் ஆட்களே அதற்காகப் போராடித்தான் அந்தச் சட்டம் வந்தது. 2021 ஒக்டோபரில் முல்லைத்தீவில் இருந்து பருத்தித்துறை வரை படகில் போய்ப் போராடினோம். கடல் எல்லை 1974இலும் 1976இலும் இரண்டு அரசாங்கமும் ஒப்புக்கொண்டது, அதில் சந்தேகம் ஒன்றும் இல்லை. பிறகும் வருகிறார்கள்.

ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். வருகிற தொழிலாளி எங்களைப் போல ஏழைத் தமிழன்தான், கூலிக்கு வருகிறான், பிடிபட்டால் சிறையில் கிடப்பவனும் அவன்தான், படகு முதலாளி கரையில் இருப்பான். அவனைச் சுடுவதையோ அடிப்பதையோ நாங்கள் கேட்கவில்லை. இந்திய அரசாங்கம் 2017இல் றோலரை விட்டு ஆழ்கடலுக்குப் போக மானியம் தருகிறோம், 2000 படகை மாற்றுகிறோம் என்று திட்டம் போட்டது. அது நடந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கதையே இல்லை, ஆனால் மாற்றியது கொஞ்சப் படகுதான். நிலவுக்குக் கலம் அனுப்புகிற நாடு, ஒரு பாக்கு நீரிணைப் படகுப் பிரச்சினையைத் தீர்க்க ஏலாமல் இருக்கிறது என்று நான் நம்பவில்லை. தமிழ்நாட்டில் வாக்கு இருக்கிறது, எங்களிடம் டில்லிக்குப் போட வாக்கு இல்லை. செல்வாக்கு எது என்று தம்பி கேட்டீர்கள், எனக்குத் தெரிந்தது இதுதான்.

கரைச்சி அக்கா எழுதியது:

முல்லைக்கடல் தம்பி சொல்வது எல்லாம் உண்மை. ஆனால் மற்றப் பக்கத்தையும் எழுதாவிட்டால் அது அநியாயம்.

2009க்குப் பிறகு நாங்கள் செட்டிகுளம் முகாமில் இருந்து மீள்குடியேற வந்தபோது வளவில் கிணற்றுக் கட்டைத் தவிர ஒன்றும் இல்லை, அதற்குள்ளும் கண்ணிவெடி இருக்கிறதா என்று பார்த்துத்தான் விட்டார்கள். இந்தியா 50,000 வீடு என்று 2010இல் அறிவித்தது, வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய். அந்தக் காசு கொந்தராத்துக்காரனிடம் போகவில்லை, வீட்டுக்காரியின் வங்கிக் கணக்குக்குக் கட்டம் கட்டமாக வந்தது. அத்திவாரம் போட்டு முடித்தால் அடுத்த பகுதி, சுவர் எழும்பினால் அடுத்தது. கல்லை நாங்களே அரிந்தோம், மேசனை நாங்களே பிடித்தோம். சாமான் விலை ஏறினபடியால் நகை அடகு வைத்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், கடன்பட்டவர்களும் இருக்கிறார்கள், அதையும் மறைக்கக்கூடாது. ஆனாலும் புருசன் இல்லாத எத்தனையோ பெண்கள் தங்கள் பெயரில் ஒரு கல்வீடு கட்டினார்கள். எந்த அறையை எந்தப் பக்கம் வைப்பது என்பதை அவர்களே முடிவெடுத்தார்கள். முகாமில் வரிசையில் நின்று நின்று, எதையும் தீர்மானிக்கிற பழக்கமே போய்விட்ட நேரத்தில் அது எவ்வளவு பெரிய விடயம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பிறகு 2018இல் சீனக் கம்பனி ஒன்றுக்கு 40,000 வீட்டைக் கொடுக்கப் பார்த்தார்கள், சனம் எங்களுக்குக் கல்வீடுதான் வேண்டும் என்று சொன்னது, அந்தத் திட்டம் நடக்கவில்லை.

ரெயில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு வந்தது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் 2018இல் வடக்குக்கு வந்தது, அதுவும் இந்திய உதவி, எங்கள் உள்ளூர் வீதிகளில் அதால் தப்பிய உயிர்கள் எத்தனை. 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றோமே, அந்த வருடம் கடனும் எரிபொருளும் மருந்துமாக ஏறத்தாழ 400 கோடி டொலர் பெறுமதியான உதவி இந்தியாவில் இருந்து வந்தது. தமிழ்நாட்டு அரிசியும் பால்மாவும் எங்கள் கிராம சேவையாளர் பிரிவிலும் பங்கிட்டார்கள். வந்த உதவியை வந்தது என்று சொல்ல வேண்டும்.

என் கருத்து இதுதான். சனத்தின் கைக்கு நேரே வந்தது எங்களுக்கு நன்மை செய்திருக்கிறது. கொழும்பில் இரண்டு பேர் அறைக்குள் இருந்து கையெழுத்துப் போட்டு, எங்கள் காணியையும் கடலையும் பற்றி எங்களுக்குப் பத்திரிகையில் தெரிய வந்தது கெடுதல் செய்திருக்கிறது. இரண்டும் ஒரே நாட்டில் இருந்துதான் வந்தன.

பூநகரியான் எழுதியது:

அக்கா, மிகவும் நன்றி, எங்கள் அம்மாவும் இதையேதான் சொல்வார். ஆனால் ஒரு கேள்வி. வாத்தியார் சொன்ன நேபாளம் சீனா பக்கம் சாய்ந்த பிறகு இந்தியா கொஞ்சம் இறங்கி வந்தது இல்லையா? மாலைதீவில் முய்சு இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று பிரசாரம் செய்துதான் 2023இல் ஜனாதிபதியாக வந்தார், 2024 மே மாதத்தோடு அவர்கள் போயும் விட்டார்கள். அப்போ இரண்டு பெரிய நாட்டையும் மோதவிட்டு நாங்கள் நடுவில் இருந்து பேரம் பேசினால் என்ன? பூநகரியில் பலர் இப்படித்தான் யோசிக்கிறார்கள்.

மன்னார் தீவான் எழுதியது:

பூநகரியான், உங்கள் பிரதேசத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. 2021இல் கௌதாரிமுனையில் சீனக் கம்பனியின் கடலட்டைப் பண்ணை வந்தபோது உள்ளூர்த் தொழிலாளிகள் எதிர்த்தார்கள், நினைவு இருக்கும். அவர்கள் கேட்டது சீனாவா இந்தியாவா என்று இல்லை. இது எங்கள் களங்கடல், எங்கள் சங்கத்தைக் கேட்காமல் எப்படி அடைத்தீர்கள் என்பதுதான்.

அதே வருடம் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய, காற்று மின்சாரம் போட ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் ஒரு சீனக் கம்பனிக்குக் கேள்விப்பத்திரம் கிடைத்தது. இராமேஸ்வரத்துக்குக் கிட்ட என்று இந்தியா எதிர்த்தது. சீனா விலகியது, இந்தியா அதைத் தன் நன்கொடையாகச் செய்து தருகிறேன் என்று 2022 மார்ச்சில் உடன்பட்டது. போட்டியால் கடன் நன்கொடையாக மாறியது, அது இலாபம்தான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இவர்கள் சண்டை பிடித்த காலமெல்லாம் தீவுச் சனம் டீசல் மின்பிறப்பாக்கியோடுதான் இருந்தது. யார் தருவது என்று தீர்மானித்த எந்த மேசையிலும் அந்தத் தீவுக்காரர் ஒருவரும் இருக்கவில்லை. 2021 டிசெம்பரில் சீனத் தூதுவர் வந்து எங்கள் தலைமன்னாருக்கு அப்பால் மணல் திட்டு வரை போய்ப் பார்த்தார், படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அவர் பார்த்தது இந்தியாவை. எங்களை இல்லை.

காற்றாலைக் கதையும் அப்படியே. மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாட், 44 கோடி 20 இலட்சம் டொலர் முதலீடு, இந்தியக் கம்பனியான அதானிக்குக் கேள்விப்பத்திரமே இல்லாமல். 2022 யூனில் மின்சார சபைத் தலைவர் பாராளுமன்றக் குழுவின் முன் வந்து, மோடி அழுத்தம் கொடுப்பதாக அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய தன்னிடம் சொன்னார் என்றார், பிறகு அதை வாபஸ் வாங்கிப் பதவியையும் விட்டார். 2024இல் ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று 20 வருடத்துக்கு விலை பேசினார்கள். சூழலியலாளர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள், ஏனென்றால் மன்னார் வெளிநாட்டுப் பறவைகள் வருகிற பாதை, தீவே தாழ்வான மணல் நிலம், கோபுரத்துக்கு வீதி போட்டால் மழைத்தண்ணீர் வழிந்தோட இடம் இல்லாமல் ஊருக்குள் நிற்கிறது. புதிய அரசாங்கம் விலையை மீளப் பார்க்கப்போகிறோம் என்றது, 2025 பெப்ரவரியில் அதானி விலகியது.

எல்லோரும் வெற்றி என்றார்கள். ஆனால் 2025 ஓகஸ்டில் எங்கள் சனம் மறுபடியும் மன்னார் நகரில் இரவும் பகலும் இருந்து போராட வேண்டி வந்தது. இந்த முறை வந்தவை உள்நாட்டுக் கம்பனிகளின் காற்றாலைகள், அதோடு கனிய மணல் அகழ்வு. ஆகவே இந்தியாவை எதிர்த்து சீனாவைக் கூப்பிடுவதால் என்ன நடக்கும் தம்பி? எங்கள் தலைக்கு மேலால் முடிவெடுக்கிறவர்களின் எண்ணிக்கை கூடும், அவ்வளவுதான்.

ஓமந்தை வாத்தியார் எழுதியது:

மன்னார் தீவான் எழுதியதோடு ஒரு விடயம் சேர்க்கிறேன். நேபாளமும் மாலைதீவும் அரசுகள். அவர்களுக்கு வெளிவிவகார அமைச்சு இருக்கிறது, ஐக்கிய நாடுகளில் ஆசனம் இருக்கிறது, ஆகவே பேரம் பேச ஏலும். முய்சுவே பிறகு காசு முடைப்பட்டு 2024 ஒக்டோபரில் டில்லி போய் 40 கோடி டொலர் நாணயப் பரிமாற்ற வசதி வாங்கினார், 2025 யூலையில் அவர்களுடைய சுதந்திர தினத்துக்கு மோடிதான் பிரதம விருந்தினர். மறுபக்கம் பங்களாதேசத்தைப் பாருங்கள். டில்லி அங்கே பிரதமராக இருந்த ஹசீனா ஒருவரையே நம்பி எல்லாவற்றையும் செய்தது, 2024 ஓகஸ்டில் அவர் தப்பி ஓடினதும் அந்த நாட்டு மக்களுக்கு இந்தியா மேல் இருந்த கோபம் எல்லாம் வெளியில் வந்தது. பெரிய நாட்டுக்கும் இதில் படிக்க இருக்கிறது.

வன்னி அரசு இல்லை, மாகாணம் கூட இப்போதைக்கு ஆளுநர் கையில். இரண்டு யானைக்கு நடுவே நின்று பேரம் பேச முதலில் நிற்பதற்குக் காலடி நிலம் வேண்டும். மாகாண சபை எவ்வளவு குறைபாடு உள்ளதாக இருந்தாலும், அது இருந்திருந்தால் காற்றாலையைப் பற்றி ஒரு தீர்மானமாவது நிறைவேற்றி, ஒரு அமைச்சராவது போய்க் கேள்வி கேட்டிருப்பார். ஆகவே டில்லியிடம் எங்கள் தலைவர்கள் கேட்க வேண்டியது வீடும் ரெயிலும் மட்டும் இல்லை. நீங்கள் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தின்படி இந்தத் தேர்தலை நடத்தச் சொல்லிக் கொழும்பை அழுத்துங்கள் என்று கேட்க வேண்டும். எண்ணெய்க் குதத்துக்குக் கொடுத்த அழுத்தத்தில் பாதி போதும். 2025 ஏப்ரலில் மோடி வந்தபோது மாகோவில் இருந்து எங்கள் ஓமந்தை வரை திருத்திய பாதையைத் திறந்து வைத்தார், அதே பயணத்தில் கொழும்பில் பாதுகாப்பு உடன்படிக்கையும் கையெழுத்தானது. கையெழுத்தான நேரத்தில் அதன் வாசகத்தை வெளியிடவில்லை. பாதையை எல்லோரும் பார்த்தோம்.

முல்லைக்கடல் எழுதியது:

வாத்தியார், தேர்தல் சரி. ஆனால் மாகாண சபைக்கும் கடல் எல்லையில் அதிகாரம் இல்லை. எங்கள் பிரச்சினைக்கு இரண்டு கரை மீனவச் சங்கங்களும் நேரே இருந்து கதைக்க வேண்டும், முன்பு சில தரம் கதைத்தார்கள், இடையில் விட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டில் எங்களுக்காகக் கண்ணீர் விடுகிற தலைவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவராவது இராமேஸ்வரம் துறைமுகத்தில் நின்று இழுவைமடியை நிறுத்துங்கள் என்று சொல்லட்டும். தம்பி கூட்டத்தில் இதையும் சொல்லுங்கள்.

பூநகரியான் எழுதியது:

கட்டாயம் சொல்கிறேன் அண்ணை. கடைசியாக ஒன்று, பொடியள் கேட்பார்கள், இதையெல்லாம் கதைத்துவிட்டு நாங்கள் என்ன செய்வது என்று. எங்கள் பக்கம் மறுபடியும் ஏதாவது திட்டம் வரலாம் என்று கதை அடிபடுகிறது. முதலில் எங்கே போய்க் கேட்பது?

மன்னார் தீவான் எழுதியது:

முதலில் பிரதேச செயலகம். பெரிய திட்டம் என்றால் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வர வேண்டும், அதைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்து எழுத 30 நாள் தருவார்கள். அந்த 30 நாளும் யாருக்கும் தெரியாமல் ஓடிவிடும், ஆகவே ஒருவரைப் பொறுப்பாகப் போட்டுப் பத்திரிகை அறிவித்தலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கருத்தைத் தமிழில் எழுதலாம். தனித்தனியாகவும் எழுதுங்கள், கடற்றொழிலாளர் சங்கம், கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம் என்று அமைப்பின் கடிதத் தலைப்பிலும் எழுதுங்கள், பிரதி ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கி வையுங்கள்.

அடுத்தது 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். காணி யாருடையது, குத்தகை எத்தனை வருடம், யார் அனுமதி கொடுத்தது, இந்த மூன்றையும் தனித்தனிக் கேள்வியாக எழுதித் தகவல் அலுவலரிடம் கொடுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். வெளிநாட்டு உடன்படிக்கை என்றால் பிற நாட்டு உறவு பாதிக்கும் என்று சொல்லி மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, மறுத்தால் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் மேன்முறையீடு கஷ்டம். முதலில் அதே திணைக்களத்தில் குறித்த அலுவலருக்கு, அதற்குப் பிறகு கொழும்பில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. நாங்கள் இங்கே எழுதின கடிதங்களின் மாதிரி என்னிடம் இருக்கிறது, கூட்டத்துக்கு முன் உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன், ஊர்ப் பெயரையும் காணி விபரத்தையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.